கதவுக்கு வெளியே நான் சொன்ன பதில்

என் வயது முப்பத்தாறு. பெரிய மருத்துவமனைக்குப் பின்தெருவில், தையல் கடைக்கு மேல் மாடியில், கணவருடனும் மாமியாருடனும் குடியிருக்கிறேன். அதே மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே எல்லோருக்கும் நான் கம்ப்யூட்டர் அக்கா. காவல் நிலைய அதிகாரி விசாரித்ததன்பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றிப் பின்வருமாறு கூறுகிறேன். தண்ணீர் கேட்டேன்; கொடுத்தார்கள்.

ரயில் நிலையத்தின் கூரை இடிந்து விழுந்த மறுநாள், காணாமல் போனவர்களைத் தேடி வந்த உறவினர்களுக்காக மருத்துவமனையின் முன்கூடத்தில் ஒரு கவுண்டர் திறந்தார்கள். காயம்பட்டவர்களின் பெயர்களை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கூச்சலுக்கு நடுவே காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால், உறவினர்கள் சொன்ன பெயர்களோடு அவை ஒத்துப்போகவில்லை. ஆகவே பெயர்களை ஒப்பிட இரண்டு வழிமுறைகளைச் சேர்த்தே ஓட்டி, எது மேல் என்று பார்க்கச் சொன்னார் பிரிவுத் தலைவர். முதலாவது, ஒரு பெயரை இன்னொரு பெயராக்க எத்தனை எழுத்தை மாற்றவோ சேர்க்கவோ நீக்கவோ வேண்டும் என்று எண்ணும். இரண்டாவது, காதுக்கு ஒன்றுபோலப் படும் எழுத்துகளை ஒரே கூட்டமாக்கி, உயிர் ஒலிகளை உதறிவிட்டு, மிஞ்சியதை ஒப்பிடும். முதலாவது லேசில் எதையும் காட்டாது, இரண்டாவது அள்ளிக் கொட்டும். அதனால் ஒன்றைக் கஞ்சன் என்றும் மற்றதை ஊதாரி என்றும் எங்களுக்குள் கேலி பேசுவோம். திரையின் இடப்பக்கம் கஞ்சனின் விடையும் வலப்பக்கம் ஊதாரியின் விடையும் வரும்.

அதன் பிறகு ஒரு லாரி ஓட்டுநர் வந்து தன் மனைவியின் பெயரைச் சொன்னார். கஞ்சன் வெறுமையாக நின்றது. ஊதாரி மூன்று பெண்களைக் காட்டியது. இருவருக்கு உறவினர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அவர் கவுண்டர் கண்ணாடிமேல் விரலை வைத்துத் திரையைக் காட்டி, "அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கேம்மா" என்றார். "இருக்கலாம், உறுதியில்ல" என்று சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவர் படியேறிவிட்டார்.

மூன்றாவது பெண்ணுக்குத் தலையும் முகமும் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது, அதற்குள் நினைவும் தப்பியிருந்தது. ஓட்டுநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன். அதன் பிறகு அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து, முழங்காலில் இருந்த பழைய தழும்பைக் காட்டித் தன் தங்கைதான் என்று நிரூபித்தார். அதே நேரம் மூளைக்குள் ரத்தம் கசிவதாகவும் உடனே அறுவை செய்யாவிட்டால் பிழைக்க மாட்டார் என்றும் டாக்டர் சொன்னார். ஊழியர்கள் கட்டிலை நகர்த்த வந்ததும் ஓட்டுநர் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டுவிட்டார்.

அந்த வார்டு நர்ஸ் கவுண்டருக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கதவின் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஓட்டுநரின் கையில் கட்டு வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது. கதவை உடைத்தால் என்ன செய்வாரோ என்று காவலாளிகளும் தயங்கினார்கள். அவர் உள்ளிருந்து, "யார் யாரோ வந்து என் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போகப் பாக்கறாங்க. நீங்கதானம்மா காட்டுனீங்க? இன்னொரு தடவ போட்டுப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா திறக்கறேன்" என்றார்.

என்னிடம் கணினி இல்லை. கைபேசியை எடுத்து அதில் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அது அணைந்து கிடந்தது. என் முகம்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் அண்ணன் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருந்த ஓட்டுநரிடம், "பாத்துட்டேண்ணா. ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் காட்டுது. உங்க வீட்டம்மாதான். ஆபரேஷனுக்கு விடுங்க" என்றேன். அவர் உடனே தாழ்ப்பாளை விலக்கினார். காவலாளிகள் அவரைத் தரையில் அமுக்கினார்கள். அப்போதும் அவர் திமிறவில்லை. "அந்தம்மா சொல்லிட்டாங்க, இனிமே பயமில்ல" என்று தரையில் கிடந்தபடியே சொன்னார்.

அறுவை முடிந்தது, அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். தன் தங்கையை வேறொருவரின் மனைவி என்று தெரிந்தே சொன்னதாக அவருடைய அண்ணன் என்மீது புகார் கொடுத்திருக்கிறார். நான் சொன்னது பொய்தான். அதற்கு என்ன நடவடிக்கையானாலும் ஏற்கிறேன். வேலை போய்விடுமோ என்றும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. ஓட்டுநரின் மனைவியைப் பற்றி எந்த மருத்துவமனையிலிருந்தும் இதுவரை தகவல் இல்லை. இதையும், பிழைத்த பெண் அவர் மனைவி இல்லை என்பதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. காலையில் இங்கே அவரைக் கூட்டி வந்தபோது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "கண் முழிச்சிட்டாளாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கதவருகே சொன்ன அந்தப் பதிலைத் தவிர, நான் அறிந்து சொன்ன பொய் எதுவும் இதில் இல்லை. இதை எனக்குப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடச் சம்மதிக்கிறேன். படிக்கும்போது சத்தத்தைக் குறைத்துப் படிக்குமாறு அதிகாரியை வேண்டிக்கொள்கிறேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த ஓட்டுநர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

(கையெழுத்து)
கணினிப் பிரிவு ஊழியர்