திங்கட்கிழமை ஐந்து மணி வரை

எங்கள் கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. விண்ணப்பத்தில் கல்லூரி என்ற கட்டத்தைத் தொட்டால் நாட்டிலுள்ள கல்லூரிகளின் பெயர்கள் வரிசையாக இறங்கி வரும். இரண்டு தடவை மேலிருந்து கீழ் வரை போய்ப் பார்த்தேன். கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருந்தது. அதைத் தொட்டேன். இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ராஜபாளையத்திலேயே பாதிப் பேருக்கு எங்கள் கல்லூரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது.

இன்ஸ்பெக்டர் சார், யார் அந்தப் பையன் என்று மூன்று தடவை கேட்டீர்கள். பையன் யாரும் இல்லை. நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன். தாள் கொடுத்தீர்கள். நன்றி.

என் பெயர் வெங்கடேஸ்வரி. வயது இருபத்தொன்று. பி.ஏ. வரலாறு, மூன்றாம் வருஷம். அம்மா பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கிறாள். பாண்டிசெல்வி என் வகுப்பு. சேத்தூரிலிருந்து வருவாள். மூன்று வருஷமும் ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் வடக்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு எம்.ஏ. படிக்க நினைத்தோம். மொத்தம் இருபது இடம். எங்கள் கல்லூரியிலிருந்து யாரும் அதற்கு முன் விண்ணப்பித்ததில்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பது எங்கள் துறைத்தலைவர் ஐயாதுரை சாருக்கே நாங்கள் சொல்லித்தான் தெரியும்.

"செலை செய்யவா போறிய?" என்று கேட்டார்.

"இல்ல சார். பாக்க."

"பாக்கதுக்கு ரெண்டு வருஷமா?"

விண்ணப்பத்துக்கு மூன்று வேண்டும். ஏன் படிக்க விரும்புகிறோம் என்று ஒரு பக்கம். ஏதாவது ஒரு கலைப்படைப்பைப் பற்றிப் பத்துப் பக்கக் கட்டுரை. ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். நாம் விண்ணப்பத்தை அனுப்பிய பிறகுதான் ஆசிரியருக்கு மெயில் போகும். அதன் வழியாக அவர் கடிதத்தை ஏற்ற வேண்டும். கடைசித் தேதி ஏப்ரல் 29, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி.

கட்டுரைக்கு மகாராஜபுரத்துக்கு மேற்கே, தோப்புகளைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மண்டபத்தை எடுத்துக்கொண்டோம். சாமி இல்லாத மண்டபம். ஆள் வரமாட்டார்கள். பதினாறு தூண். அவளுக்கு எட்டு, எனக்கு எட்டு. தையல் டேப்பால் அளந்தோம். சிற்பத்தைப் பற்றி எழுதும்போது முதலில் சேதத்தை எழுத வேண்டும் என்று படித்திருந்தோம். மூக்கு இல்லை. இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இப்படி. உணர்ச்சி கலக்காமல் எழுத வேண்டும். அது எனக்கு நன்றாக வந்தது.

நான் வெள்ளிக்கிழமை அனுப்பினேன். சார் அன்றைக்கே கடிதத்தை ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் முக்கால் பக்கம். இந்த மாணவியைப் போல் இன்னொருவரை என் பத்தொன்பது வருஷப் பணியில் கண்டதில்லை என்று இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. மேசை மேல் இன்னொரு தாள் இருந்தது. அதே கடிதம். பாண்டிசெல்வி என்று பெயர்.

எங்கள் துறையில் கடிதம் ஒன்றுதான். பி.எட். போகிறவர்களுக்கும் அதுதான், வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதுதான். பெயரை மட்டும் மாற்றி எடுப்பார்கள். ஆளுக்கொரு இடத்துக்குப் போனதால் இதுவரை யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை.

"சார், இது ரெண்டும் ஒரே எடத்துக்குப் போவுது," என்றேன்.

"போவட்டும்."

"இவள மாதிரி இன்னொருத்தியப் பாத்ததில்லன்னு ரெண்டு பேருக்கும் இருக்கு சார்."

"ரெண்டு பேரும் நல்லாத்தான படிக்கிய. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"அவளுக்கு வேற மாதிரி எழுதிருங்களேன்."

"ஏம்மா, இந்த லெட்டரே எனக்கு முந்தி இருந்தவரு எழுதுனது. அந்தப் பத்தொம்பது வருஷமும் அவருதுதான். இம்புட்டு இங்கிலீசுக்கு நான் எங்க போவேன்?"

அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர்.

யோசித்துப் பார்த்தேன். தேர்வுக் குழுவில் நாலைந்து பேர் இருப்பார்கள். பட்டியலில் பெயரில்லாத ஒரு கல்லூரி. அங்கிருந்து இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் ஒரே கடிதம். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இரண்டையும் ஒதுக்குவார்கள். ஒரு கடிதம் போனால் அது பரிந்துரை. இரண்டு போனால் மோசடி. என் கடிதம் போய்விட்டது. பாண்டிசெல்வி கட்டுரையை இன்னும் முடிக்கவில்லை, விண்ணப்பத்தை அனுப்பவில்லை. திங்கட்கிழமை ஐந்து மணி வரை அவள் அனுப்பாமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தூணை மறுபடி அளக்க வேண்டும் என்றாள். அன்றைக்கு என் வீட்டில் தங்கி விண்ணப்பத்தை முடிப்பதாகத் தன் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி, மகாராஜபுரத்தில் இறங்கி நடந்தோம். மண்டபத்தில் வைத்துக் கடித விஷயத்தைச் சொன்னேன். இந்த வருஷம் நான் போகிறேன், அடுத்த வருஷம் நீ அனுப்பு என்றேன். நியாயமான யோசனை.

"ஏன், நீ அடுத்த வருஷம் போயேன்."

"நான் அனுப்பிட்டேம்லா."

"ஏட்டி கிறுக்கு, ஆயிரம் பேரு போடுதான். நம்ம லெட்டர ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா பாக்கப் போறான்? நம்ம காலேசுன்னு தெரிஞ்சா தொறக்கவே மாட்டான். ரெண்டு பேருக்கும் கெடைக்காது. போட்டு வைப்போம், அம்புட்டுத்தான். இந்தா, அந்த முனையப் பிடி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் டேப்பின் முனையைப் பிடித்தேன். அவள் அளவைப் படிக்கக் குனிந்தபோது விட்டேன்.

தூணின் உச்சியிலிருந்து உடைந்து விழுந்த கல் பூ ஒன்று கீழே கிடந்தது. இரண்டு கிலோ இருக்கும். கைக்கு அடக்கமானது. முதல் அடி வலது காதுக்கு மேலே விழுந்தது. திரும்பினாள். இரண்டாவது அடி நெற்றியின் இடது பக்கம். தோல் மூன்று அங்குலம் பிளந்தது. கீழ் ஓரத்தில் எலும்பு தெரிந்தது. விழுந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள். நடந்தால் ரோட்டுக்குப் போய்விடுவாள். வலது முழங்காலில் இரண்டு முறை அடித்தேன். இரண்டாவதில் உள்ளே உடைகிற சத்தம் கேட்டது. பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தேன். உடைந்த பகுதிகளை இடம் மாற்றக் கூடாது.

கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். என் பையில் எப்போதும் பேண்டேஜ் துணி இருக்கும். நெற்றியில் நான்கு சுற்று சுற்றி அழுத்திக் கட்டினேன். ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு நேர்த்தியாகக் கட்டமாட்டார்கள். மீதித் துணியை முறுக்கிக் கைகளைத் தூணோடு கட்டினேன். தண்ணீர் கொடுத்தேன்.

"ஏட்டி வெங்கட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்," என்றாள்.

"நாளைக்குப் போவோம்."

"இப்பப் போவோம்ட்டி. யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு."

"நான் அனுப்பல. சத்தியமா அனுப்பல. என் போனை நீயே வச்சுக்கோ."

போனை ஏற்கெனவே எடுத்து அணைத்திருந்தேன். அவள் சொன்னதை நம்பியிருக்கலாம். ஆனால் மூன்று வருஷமும் முதல் மார்க் வாங்கியவள் அவள். எல்லாவற்றையும் கடைசி நிமிஷத்தில் முடித்துவிடுவாள். வாயையும் கட்டினேன். மூக்கை விட்டுத்தான் கட்டினேன்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு இட்லியும் தண்ணீரும் கொண்டுபோனேன். உயிரோடுதான் இருந்தாள். கட்டு நனைந்து எறும்பு ஏறியிருந்தது. காயத்தைத் துடைத்துப் புதுக் கட்டுப் போட்டேன். முழங்கால் வீங்கிச் சுடிதார் பேண்ட் இறுகியிருந்தது. வாயை அவிழ்த்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொடுத்த தண்ணீரில் பாதி வெளியே வழிந்தது. இட்லியை அவளால் விழுங்க முடியவில்லை. நான் சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 108-இல் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மண்டபத்து மேலே ஏறி விழுந்துவிட்டாள் என்று.

நாலே முக்காலுக்குப் பல்கலைக்கழகத்தின் தளத்தைத் திறந்தேன். மேலே சிவப்பு எழுத்து ஓடியது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி மே 10 வரை நீட்டிக்கப்படுகிறது. காரணம் எதுவும் போடவில்லை.

மூன்று முறை படித்தேன். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். ஒரு கண்தான் திறந்திருந்தது. படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

இன்னும் பதினொரு நாள். அவ்வளவு நாள் ஒருத்தியை அந்த நிலையில் போட்டு வைப்பது கொடுமை. அதை நான் செய்யமாட்டேன். கல்லை எடுத்தேன். டாக்டர் ஒன்பது அடி என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் ஆறு வரைதான் எண்ணினேன். மூக்கு இல்லை. இடது கண்ணின் குழி உடைந்திருந்தது. மேல் வரிசைப் பற்கள் நான்கு தூணின் அடியில் கிடந்தன. மற்றது உங்கள் அறிக்கையில் சரியாக இருக்கிறது.

அவளைக் கொன்றது நான்தான். ஆனால் தேதியை நீட்டாமல் இருந்திருந்தால் ஐந்தே காலுக்கு ஆம்புலன்ஸ் வந்திருக்கும். நீட்டியவர்களில் ஒருவரையும் நீங்கள் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

நீங்கள் கேட்டதில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் அம்மா கருத்தம்மா எனக்குப் போன் செய்தார்.

"ஏ தாயி, செல்வி போனு போவ மாட்டேங்கு. சாப்ட்டாளா?"

"சாப்ட்டு, ஆறரை பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிட்டாளே அம்மா."

தேதியை நீட்டியது மாலையில்தானே, மாலையில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இருந்தவள் காலையிலேயே எதற்காக அப்படிச் சொன்னாய் என்று கேட்டீர்கள். அப்போதே முடிவு செய்துவிட்டாய் என்றும் சொன்னீர்கள். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். கருத்தம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். மகளைப் பற்றி அவர் கவலைப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.