தீப்பொறி அணிக்குப் பதினோரு ஷிப்ட்

தலைமை நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார முடியாமல் அதன் நுனியிலே அமர்ந்திருக்கும், கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநரும் எங்கள் ரசிகர் மன்றத்தின் தலைவருமான பெருமதிப்பிற்குரிய தேவநாதன் ஐயா அவர்களே! தோற்ற ஒன்பது ஆட்டத்திலும் துவளாமல் நின்ற பயிற்சியாளர் அந்தோணிராஜ் அவர்களே! டீக்கடையைப் பாதியில் சாத்திவிட்டு முதல் வரிசைக்கு வந்துவிட்ட பங்கஜம் அம்மா உள்ளிட்ட தாய்மார்களே! சுங்குவார்சத்திரத்துப் பெரியவர்களே! தெற்கே பிறந்து, இங்கே வந்து, ஓர் அறைக்கு எட்டுப் பேராகப் படுத்தெழும் என் விடுதித் தங்கைகளே! பஸ்ஸுக்கு நிற்பதுபோல நடித்துக்கொண்டு அந்த ஓரத்தில் நின்று கேட்கும் அண்ணன்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தச் செங்கமலத்தின் அன்பு வணக்கம்.

நாளை ஞாயிறு. நாளை நாலு மணி. நாளை நம் மண்ணில், நம் கண்ணெதிரே, நம் தீப்பொறி மகளிர் கால்பந்து அணி பாலாறு அணியை எதிர்கொள்கிறது. ஒன்பது ஆடி ஒன்பதிலும் தோற்ற அணி, ஒன்பது ஆடி ஒன்பதிலும் வென்ற அணியைச் சந்திக்கிறது. யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள். நானும் சிரித்தவள்தான், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நாளை தோற்றால் அடுத்த ஆண்டு மாவட்ட லீக்கில் நமக்கு இடமில்லை. வென்றால் உண்டு. நடுவில் ஒன்றுமில்லை.

உங்களை ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் உறக்கம் வந்ததா உங்களுக்கு? உண்டது உடம்பில் ஒட்டியதா? கேன்டீன் வரிசையில் தட்டை நீட்டுகிறோம், விழுந்தது சாம்பாரா ரசமா என்று தெரியவில்லை. லைனில் நிற்கிறோம், கை செல்போன் பாகங்களைப் பூட்டுகிறது, கால் பந்தை உதைக்கிறது. பக்கத்தில் நிற்கும் சுவாதி கேட்கிறாள், "அக்கா, நாளைக்கு இன்னா ஆவும்?" பேசாமல் வேலையைப் பார் என்கிறேன். ஐந்தே நிமிடம். நானே திரும்பி அவளைக் கேட்கிறேன், "ஏண்டி, நாளைக்கு இன்னாடி ஆவும்?"

இந்தத் தவிப்பு ஏன் வந்தது? தோற்பது நமக்குப் புதிதா? இல்லை. எட்டு ஆட்டம் தோற்றபோது வராத தவிப்பு இது. ஒன்பதாவது தோல்விக்குப் பிறகு நடந்த ஒன்றால் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே ஊர் மைதானம். இடைவேளைக்குள் ஐந்து கோல் வாங்கியாயிற்று. நம் கோல்கீப்பர் கனகலட்சுமி, கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, கம்பத்துக்கு நடுவில் நிற்கிறாள். ஆறாவது பந்து வருகிறது. பறந்தா வந்தது? பாய்ந்தா வந்தது? உருண்டு வந்தது ஐயா, உருண்டு! அவள் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து உள்ளே போய்விட்டது. கூட்டம் ஊளையிட்டது. அத்தனை ஊளைக்கும் மேலே ஒரு குரல் கேட்டது: "அங்க ஒரு வாழமரத்தக் கட்டி வெச்சிருந்தாக்கூட ஒயுங்கா நின்னுகினு இருக்கும்டி! கெளம்பி வூட்டுக்குப் போடி!"

மைதானமே கைகொட்டிச் சிரித்தது. அந்தப் பிள்ளை திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

அது யாருடைய குரல்? தலைவர் குனிந்துகொள்கிறார், அவருக்குத் தெரியும். அது என் குரல். ஒரு ஆட்டம் தவறாமல் வந்து தொண்டை கிழியக் கத்தும் இந்தச் செங்கமலத்தின் குரல்.

மறுநாள் திங்கட்கிழமை. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு தட்டு வந்து அமர்கிறது. கனகலட்சுமி! நானும் அவளும் ஒரே கம்பெனி, ஒரே லைன், நாலு பேர் தள்ளி நிற்பவள். அதுவரை பேசியதில்லை.

"யக்கா, வாழமரம்னு சொன்னது நீங்கதான?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வாயில் சோறு இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். மெல்லச் சொன்னாள்: "வாழமரத்துக்கு ஷிப்ட் கெடையாதுல்லா அக்கா."

அப்புறம்தான் விவரம் வந்தது. ஆட்டத்தன்று எனக்கு லீவு; அவளோ காலை ஆறு மணிக்கு ஷிப்ட் ஏறி, இரண்டு மணிக்கு இறங்கியிருக்கிறாள். சாப்பாட்டுக்கு நின்றால் பஸ் போய்விடும் என்று வெறும் வயிற்றோடு ஓடி வந்திருக்கிறாள். எட்டு மணி நேரம் நின்ற காலோடு மறுபடி நின்றிருக்கிறாள்.

"பயிற்சிக்கு வர்றதில்லையாம்மா?" என்றேன்.

"யாருகூடக்கா பயிற்சி எடுக்க? நாங்க பதினோரு பேரு நாலு கம்பெனியில கெடக்கோம். நான் வெளிய வந்தா அவ உள்ள போறா. இந்த வருசம் பதினோரு பேரும் ஒருநாளுகூட ஒண்ணா நின்னதில்ல. ஆட்டத்துக்கே ஏழெட்டு பேருதான் வந்து சேருவோம். எனக்கு முன்னால நிக்கிற பிள்ள பேரே போன மாசந்தான் தெரியும். அதுவரைக்கும் 'ஏ, ரெண்டாம் நம்பரு'ன்னுதான் கூப்பிடுவேன்."

கேட்டீர்களா தாய்மார்களே? கேட்டீர்களா பெரியவர்களே? ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத பதினோரு பேரைப் பார்த்து, ஒன்றாக ஆடவில்லையே என்று ஒன்பது வாரம் ஊளையிட்டோம். அந்தச் சோற்றை என்னால் முடிக்க முடியவில்லை. எழுந்து கை கழுவிவிட்டேன்.

அன்று மாலை தலைவரிடம் போய் அழுதேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கத்துறதுக்கு இருநூறு பேரு கீறோம். ஷிப்ட் மாத்திக்க எத்தினி பேரும்மா கீறோம்?"

அந்த ஒரு கேள்வி! அதைத் தூக்கிக்கொண்டு விடுதி விடுதியாக ஏறினோம், அறை அறையாகத் தட்டினோம். எந்தப் பிள்ளை எந்தக் கம்பெனி, அதே கம்பெனியில் எந்த ரசிகை, யார் வேலை யாருக்குத் தெரியும்? வீராங்கனைகளுக்குக் காலை ஷிப்ட், அவர்களின் மற்ற ஷிப்ட் எங்களுக்கு என்று இரண்டே வாரம்தான் அனுமதி கேட்டோம். எங்கள் சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார்: "ஏம்மா, இது பாக்டரியா, புட்பால் கிளப்பா?" ஒருநாள் கேட்டார், இரண்டு நாள் கேட்டார். நாங்கள் தினமும் போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றோம். நாலாவது நாள் பேனாவை எடுத்தார்.

பிறகு ஒரு மாலை. ஐந்து மணி வெயில். பயிற்சியாளர் அந்தோணிராஜ் மைதானத்தில் நின்று எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று. நம்பிக்கை வரவில்லை மனிதருக்கு. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடியும் எண்ணுகிறார். பதினொன்றுதான்! தலையைக் குனியாதீர்கள் சார், நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்த்தோம்.

இரண்டு வாரம் பதினோரு பேரும் ஒன்றாக ஓடினார்கள், ஒன்றாக வியர்த்தார்கள். இப்போது புரிகிறதா இந்தத் தவிப்பு எங்கிருந்து வந்ததென்று? நம்பிக்கை இல்லாதபோது நிம்மதியாக இருந்தோம். நம்பிக்கை வந்தது, நிம்மதி போனது!

ஆனால் நேற்று ஒரு செய்தி வந்தது. அவசர ஆர்டராம், இந்த ஞாயிறு மதியம் கூடுதல் ஷிப்ட் ஓடுமாம், நம் வீராங்கனைகள் பதினோரு பேருமே அதில் ஏற வேண்டுமாம். நாலு கம்பெனியிலும் அப்படித்தான். மதியம் இரண்டு மணிக்கு ஏறினால் இரவு பத்துக்குத்தான் இறக்கம். பத்து வீராங்கனைகளுக்குப் பதில் போக, நேற்றே பத்து ரசிகைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் நாளை மைதானத்துக்குப் புதுப் புடவை எடுத்து வைத்திருந்தவர்கள். மீதி ஒருத்தி, கனகலட்சுமி. அவள் செய்வது போனின் கடைசிப் பரிசோதனை. தெரியாத கையை அங்கே வைக்க மாட்டார்கள். இன்று காலை சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "அந்த வேலை தெரிஞ்சது உனக்கும் அவளுக்கும்தான் செங்கமலம். இன்னா சொல்றே?"

உண்மையைச் சொல்கிறேன், உடனே சரி என்று சொல்லவில்லை. இத்தனை வாரம் கிழிந்த தொண்டை இது. நாளை ஒருநாளுக்காகக் காத்திருந்த கண் இது. வேறு யாரையாவது கோலில் நிறுத்தினால் என்ன என்று ஒரு நினைப்புக்கூட வந்தது. வெட்கமாக இருக்கிறது, வந்தது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். பிறகு வந்து கையெழுத்துப் போட்டேன்.

கனகலட்சுமி ஓடி வந்தாள். "யக்கா, நீங்க பாக்காம எப்பிடிக்கா? ஒருவேள தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டு வா. ஆனா ராத்திரி கம்பெனி கேட்டாண்ட வந்து நீயே என்கிட்ட சொல்லு. வேற எவ வாயாலயும் நான் கேக்கக் கூடாது" என்றேன்.

செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நாலு மணிக்கு விசில் ஊதும், எனக்குத் தெரியாது. கோல் விழும், நமக்கா அவர்களுக்கா, தெரியாது. பத்து மணி வரை தெரியாமலே கை வேலை செய்யும், நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். என்னோடு சேர்த்துப் பதினோரு பேர் இப்படி, நாலு கம்பெனியில்!

ஆகவே உங்களை மன்றாடிக் கேட்கிறேன். நாளை முதல் கோல் நம் கம்பத்துக்குள்ளேயே விழலாம், ஊளையிடாதீர்கள்! இரண்டாவது விழலாம், எழுந்து போகாதீர்கள்! மூன்று விழுந்தாலும் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது, அவள் கண்ணில் படுவது சிரிக்கும் பல்லாக இருக்கக் கூடாது, எழுந்து நிற்கும் ஊராக இருக்க வேண்டும்! வெற்றி நிச்சயம் என்று முழங்க எனக்கும் ஆசைதான். முழங்க மாட்டேன், எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: நாளைதான் முதன்முதலாக ஒரு முழு அணி நமக்காக இறங்குகிறது.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், மணியடிக்காமல் என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு நிற்கும் அந்த அண்ணன்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எனக்கு நாளை இரண்டு மணிக்கு ஷிப்ட். உங்களுக்கு நாலு மணிக்கு ஆட்டம். இரண்டு பேருமே நேரத்துக்குப் போய்ச் சேருவோம். வணக்கம்!