வெரல எடுக்காதீங்க மாமா

எடுக்காதீங்க மாமா, வெரல எடுக்காதீங்க. அப்டியே அமுக்கிக்கினு நில்லுங்க. வலது கை கட்ட வெரலு நடு அடுக்குல, இடது கை கீழ் அடுக்குல. ஆங், அப்டித்தான். ரிப்பன் சேர்ற எடத்துல ஐசிங்கு தடவி ஒட்டிக்கீறேன், அது காயற வரைக்கும் ஆராச்சும் புடிச்சாவணும். வுட்டீங்கன்னா ரிப்பன் அவுந்துக்கினு வந்துடும், அதோட சொருவி வெச்ச பூவெல்லாம் சரிஞ்சுடும். அப்புறம் உங்க பொண்ணு பிரேமாவோட ரிசெப்ஷன் மேடைக்கு மொட்டக் கேக்குதான் போவும்.

குண்டூசியா? கூடாது மாமா. பொன்னேரில ஒரு கல்யாணத்துல குத்தினேன். மாப்ளையோட சித்தப்பா ஒரு துண்டு வாய்ல போட்டவரு அப்டியே கண்ண மூடிக்கினாரு. ருசில மூடறாருன்னு நெனச்சுக்கினு இன்னொரு துண்டு ஊட்டி வுட்டாங்க. அன்னிலேர்ந்து ஊசிய கையால தொடறதில்ல.

பொண்ணப் பெத்தவரு வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லாம இங்க நிக்கறாருன்னு பேசுவாங்களா? மாப்ள ஊட்டு வேனு இன்னும் கவரைப்பேட்டையே தாண்டல மாமா. லாரி டிராபிக்காம். வாசல்ல உங்க தம்பி பன்னீர் சொம்போட நிக்கறாரு. வந்தவங்களவிட அவரு சட்டதான் நனைஞ்சு கீது.

ஏசியா? ஏசி ரூமுன்னுதான் மண்டபத்து மேனேஜரு சொன்னாரு. செவுத்துல ஏசி கீது, காத்துதான் வர்ல. ஃபேன் போட்டா ரிப்பன் பறக்கும். இருங்க, நெத்தி வேர்வைய நான் தொடச்சு வுடறேன். சும்மா நில்லுங்க மாமா, கூச்சப்படாதீங்க.

கீழ கட்டிக்கீறது உங்க ரிப்பன்தான் மாமா. நல்லா பாருங்க. நீங்க வாங்கினு வந்தீங்களே அதேதான். தூக்கிப் போடுவனா? பிரேமா போன்ல பீச் கலருன்னு சொல்லிக்கீது. நீங்க நம்ப பழவேற்காடு பீச்ச நெனச்சுக்கினீங்க. கடக்காரன் தண்ணி கலரா மணலு கலரான்னு கேட்டானாமே, நீங்க முகத்துவாரத்துச் சேறு மாதிரி குடுப்பான்னீங்களாமே. நான் சிரிக்கல மாமா. தும்மல் வந்துச்சு. பீச்சுன்னா அது ஒரு பழமாம். நானும் கண்ணால பாத்ததில்ல. பிரேமா அழுத அழுவைல மேக்கப்பு மறுபடி போட்டாங்க. நான்தான், அழுவாதம்மா, இத்த கீழ் அடுக்குல சுத்திட்டு சாக்லேட் கலருன்னு சொல்லிக்கலாம்னேன். இப்ப வர்றவங்க போறவங்க எல்லாம் அந்தக் கலரத்தான் எங்க கெடச்சுதுன்னு கேக்கறாங்க.

மேல் ரெண்டு அடுக்குக்குமா? அது ரோஜா போயி வாங்கினு வந்துச்சு, ஸ்கூட்டில. உங்ககிட்ட சொல்லல, ஆமா. நைனா மனசு கஷ்டப்படும்னு சொல்ல வாணாம்னுச்சு. உங்க சின்னப் பொண்ணுக்கு உங்க மேல அவ்ளோ பாசம் மாமா. எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான். அதாவது... இன்னிக்கு காலைலேர்ந்து பாத்தத வெச்சு சொல்றேன்.

எனக்கு இது சைடு வேலை. பகல்ல எஸ்டேட்ல ஒரு இரும்புக் கம்பெனி, பேக்கிங் செக்சன். தகட்ட சுருளா சுத்தி வெச்சிருப்பாங்க, மாட்டு வண்டி சைஸுல. அத்த இரும்புப் பட்ட போட்டு இறுக்கணும், லாரில போவச்சொல்லோ அவுரக்கூடாது. அந்த நெனப்புலயே மொதல் கேக்குக்கும் ரிப்பன இறுக்கிட்டேன். கேக்குக்கு இடுப்பு வந்துடுச்சு. வாங்கினு போனவங்க, இன்னாப்பா இது உடுக்கையான்னாங்க. இப்ப கை பதமாயிடுச்சு. ரிப்பனுக்கு உள்ள பாருங்க, பட்டர் பேப்பர் வெச்சுக்கீறேன். இல்லன்னா வெண்ணெ ஊறிக்கினு, மீன் கொழம்பு கொட்டின வேட்டி மாதிரி ஆயிடும்.

ஓ, அப்டியா? வர்ற வெள்ளிக்கெழமையா? ரோஜாவப் பொண்ணு பாக்கவா? எந்த ஊரு... பொதட்டூர்பேட்டையா? ஒண்ணுமில்ல மாமா, கத்திரிக்கோலு வழுக்கிடுச்சு. உங்க தூரத்து ஒறவா. ஐஸ் பேக்டரியா. நல்லதுதான். ஆனா அங்க கடலே இல்லியே மாமா. ரோஜாவுக்கு எறா தொக்கு இல்லாம சோறு எறங்காதே.

எனக்கு எப்டித் தெரியுமா? பொதுவா சொன்னேன். கடலோரத்துப் பொண்ணுங்க எல்லாம் அப்டித்தானே. முட்டைக்கோஸ பாத்தாலே மூஞ்சிய அப்டித் திருப்பிக்குமே... அதுவும் பொதுவாத்தான்.

கை மரத்துப்போச்சா? தோ, தோ, கொஞ்ச நேரம் மாமா.

கேளுங்க. இன்னா வேணா கேளுங்க.

ஆமா, மண்டபத்துல எல்லாரும் உங்கள ஏழுமலையண்ணான்னுதான் கூப்டறாங்க. பந்தி போடற பசங்க, மேளக்காரரு, அந்த மேனேஜரு வரைக்கும். நான் மட்டும் ஏன் மாமா மாமான்றேன்னா... எங்கம்மாவ உங்களுக்குத் தெரியும் மாமா, உங்க பின் தெரு செல்வி. அம்மாவ நீங்க தங்கச்சின்னுதான் கூப்டுவீங்க. அதுவும் கீது. ஆனா அது மட்டும் இல்ல. நான் உங்கள அண்ணான்னு கூப்ட்டா மொறை மாறிடும் மாமா. நீங்க எனக்கு அண்ணன்னா, ரோஜா எனக்குப் பொண்ணு ஆயிடும்.

ஆடாதீங்க மாமா, கேக்கு ஆடுது.

ரெண்டு பேருக்கும் புடிச்சுக்கீது. ரோஜா காலேஜ் போவச்சொல்லோலேர்ந்தே. வெள்ளிக்கெழம அவங்க வர்றதுக்குள்ள நைனாகிட்ட நீயே சொல்லிடு அன்பு, நான் சொன்னா அழுதுடுவேன்னுச்சு. நானும் ஒரு வாரமா உங்க பின்னாலயே சுத்தறேன். படகாண்ட வந்தேன், நீங்க துடுப்பு வெச்சிக்கினு நின்னீங்க. மீன் ஏலத்தாண்ட வந்தேன், கத்தி வெச்சிக்கினு நின்னீங்க. உங்க கை ரெண்டும் வேலைல மாட்டிக்கினு நிக்கிற எடம் இது ஒண்ணுதான் மாமா கெடச்சுது.

நான் தண்ணி போடமாட்டேன். வேல பர்மனென்ட்டு. ரோஜாவ எப்பவும் கடலாண்டயே வெச்சுப்பேன், உங்க ஊட்டுக்கு நடந்தே வந்துடலாம். பிரேமா கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அப்புறமா சரின்னு சொல்லுங்க. இல்லன்னாலும் சொல்லுங்க. அறையறதுன்னா மட்டும் இங்கயே அறைஞ்சுடுங்க, மேடையாண்ட வாணாம்.

ஐசிங்கா?

அது அப்பவே காஞ்சுடுச்சு மாமா. பொதட்டூர்பேட்டன்னு ஆரம்பிச்சீங்களே, அதுக்கும் முன்னாடியே. நான்தான் சொல்லல. வெரல எடுத்துடலாம்.

மாமா, எடுத்துடலாம்னேன்.

காஞ்சுடுச்சு மாமா. ஏன் இன்னும் புடிச்சுக்கினே கீறீங்க?