பின்னணி இரைச்சல்

டீ வேண்டாம் சார், காலையிலேயே குடித்துவிட்டேன். அந்த ஜன்னலை மட்டும் சாத்தச் சொல்லுங்கள். வெளியே யாரோ வண்டியை அணைக்காமல் உறும விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்றபடி அறை பரவாயில்லை, எதிரொலி அதிகம் இல்லை.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது அந்த எலக்ட்ரீஷியனை விட்டுவிடச் சொல்லத்தான். என் வீட்டு மின்பலகையில் அவர் செய்தது சரியான வேலை. அதைக் கெடுத்தவன் நான். அன்றைக்கு நீங்கள் விசாரித்தபோது "கடைசியா போர்டைத் திறந்தது அவர்தான் சார்" என்று சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவருடைய மனைவி என் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். திட்டுவதில்லை, சாபம் விடுவதில்லை, அழுகிறார், அவ்வளவுதான். கதவைச் சாத்தினாலும் கேட்கிறது. அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எதையாவது நிம்மதியாகக் கேட்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

என் பெட்டியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். பாட்டெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கிறது. அந்த எண்களைத் திரும்ப ஒலியாக மாற்ற ஒரு கருவி வேண்டும். கடையில் கிடைக்கும். என்னைப் போன்ற சிலர் உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்வோம். கட்டினோமா, கேட்டோமா என்று இருந்தால் நல்லது. யாரும் இருப்பதில்லை. முதலில் ஒரு கெபாசிட்டரை மாற்றுவோம். குரல் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். அப்புறம் சிப்பை மாற்றுவோம். அப்புறம் பவர் சப்ளை சரியில்லை என்று தோன்றும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய டிரான்ஸ்ஃபார்மராக வைப்போம். நான் வேலை பார்ப்பது மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் இடத்தில். மின்சாரம் என்றால் என்ன, அது ஆளை என்ன செய்யும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அக்கா எனக்கு மூத்தவள். கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை என்று ஒரு பையோடு வந்தாள், நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள், அப்படியே தங்கிவிட்டாள். நானும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாய் ஓயாமல் பேசுவாள். என் கருவியை அவள் "பொட்டி" என்றுதான் சொல்வாள். "என்னடா, இன்னிக்கு உன் பொட்டிக்கு வயித்து வலியா, மல்லாக்கப் போட்டு வச்சிருக்கே" என்பாள். சோற்றுத் தட்டை வைக்க மேஜையில் இடம் தேடுவாள். "இந்தப் பூச்சியெல்லாம் கொஞ்சம் தள்ளு" என்று என் டிரான்சிஸ்டர்களை ஓரம் கட்டுவாள். எனக்குக் கோபம் வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஒவ்வொரு மாற்றமும் செய்த பிறகு அக்காவைத்தான் உட்கார வைப்பேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரே பாட்டைப் பழைய பாகத்தில் ஒரு தடவை, புதிய பாகத்தில் ஒரு தடவை போட்டுக் காட்டுவேன். "எது நல்லாருக்கு?" என்று கேட்பேன். "ரெண்டாவதுதான்டா" என்பாள். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. புதியதைத்தான் நான் எப்போதும் இரண்டாவதாகப் போடுவேன். என்ன காது பாருங்கள் அவளுக்கு. எங்கள் குடும்பத்திலேயே அது இருக்கிறது.

இரைச்சல் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாட்டுக்கு அடியில் மெல்லிசாக ஒரு 'ம்ம்ம்'. மூடிய வாயால் யாரோ முனகுவது மாதிரி. கேட்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதுமட்டும்தான் கேட்கும். கருவிக்குள் இருந்த எதையெல்லாம் மாற்ற முடியுமோ எல்லாவற்றையும் மாற்றினேன். போகவில்லை. அக்காவைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேடா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேசா கேக்குது, லேசா" என்றாள். நான் அப்போதெல்லாம் சரியாகச் சாப்பிடவில்லை, வேலையிலும் மனது ஓடவில்லை. இதையெல்லாம் இரக்கம் தேடிச் சொல்லவில்லை. என் நிலைமையில் யார் இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வட்டத்தில் ஒரு நண்பர் உண்டு. எதற்கெடுத்தாலும் வெள்ளிக் கம்பி போடு என்பார், அதனால் பெயரே வெள்ளிக்கம்பி ஆகிவிட்டது. அவர் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, "இது உங்க பொட்டில இருந்து வரல பாஸ். ஃப்ரிட்ஜு, மோட்டாரு, எல்லாத்தோட அழுக்கும் எர்த் வழியா உள்ள வருது. எர்த்தக் கழட்டிப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றார். கழற்றிப் பார்ப்பது எங்களுக்குள் ஊரறிந்த விஷயம். கருவிக்கு மட்டும் கழற்றுவார்கள், கேட்டுவிட்டு மறுபடி மாட்டிவிடுவார்கள். நான் கருவிக்குக் கழற்றினேன், போதவில்லை. குளியலறைக்கு வெளியே இருக்கும் மின்பலகையைத் திறந்து, வீடு முழுவதற்கும் போகிற எர்த் கம்பியையே கழற்றிவிட்டேன்.

திரும்பி வந்து பாட்டைப் போட்டேன். இரைச்சல் இல்லை. சார், அதை எப்படிச் சொல்வது? ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நான் அழுதேன். சத்தம் கேட்டு வந்த அக்கா பயந்துபோய், "என்னடா ஆச்சு" என்றாள். "கேளு, கேளு" என்றேன். கேட்டாள். "ஆமாடா, நல்லாருக்கு" என்று என் தலையைத் தடவினாள்.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏதாவது ஒரு கருவியில் மின்சாரம் கசிந்தால், தரைக்குள் போக வேண்டியது போக வழியில்லாமல் அந்தக் கருவியின் உடம்பிலேயே நிற்கும். தொடுகிறவர் வழியாகத்தான் போகும். எங்கள் வாஷிங் மெஷின் பழையது. கொஞ்ச நாளிலேயே அக்கா வந்து, "மெஷினைத் தொட்டா சுர்ருங்குதுடா" என்றாள். செருப்புப் போட்டுக்கொண்டு துவை என்றேன். ரப்பர் செருப்பு நானே வாங்கி வந்து கொடுத்தேன். ஈரக் காலோடு யார் செருப்புப் போடுவார்கள்? இரண்டு நாள் போட்டாள், மறந்துவிட்டாள்.

அப்புறம் இன்னொரு தொல்லை. மின்பலகையில் கசிவைப் பிடிக்கிற ஒரு டிரிப் சுவிட்ச் உண்டு. ஆள் மேல் மின்சாரம் பாய்ந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் வீட்டையே அணைத்துவிடும். அது அடிக்கடி விழ ஆரம்பித்தது. அக்கா குளியலறையிலிருந்து, "கரண்டு போச்சுடா" என்று குரல் கொடுப்பாள். நான் போய்த் தூக்கிவிடுவேன். அந்த சமயத்தில்தான் கருவிக்குப் புது கிளாக் போட்டிருந்தேன். கிளாக் என்றால் மணி பார்ப்பது இல்லை, அந்த எண்களைத் தாளம் தவறாமல் வெளியே அனுப்புகிற பாகம். அது சூடேறி நிலைக்கு வரப் பல நாள் அணைக்காமல் ஓட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. ஒரு தடவை மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. நிலைக்கு வரப் போகிற நேரமாகப் பார்த்து அக்கா துணியைப் போடுவாள்.

ஒவ்வொரு தடவை அந்தச் சுவிட்ச் விழுந்ததும் எதனால் என்று எனக்குத் தெரியும். அவள் உயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தது அது. அவளுக்குத் தெரியாது. "இந்தக் கரண்டுக்கு வேற வேலை இல்ல" என்று சிரிப்பாள்.

மெஷினைச் சரிசெய்ய ஆள் கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். வருகிறவன் முதலில் எர்த்தைத்தானே பார்ப்பான்? "நான் பாத்துக்கறேன்க்கா" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவளே, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவர் வேலையை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "யாரு சார் எர்த்தக் கழட்டி விட்டது? கொலைகாரப் பயலா இருப்பான் போல" என்றார். அக்கா பெருமையாக, "என் தம்பிகிட்ட சொல்லுங்க, அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி" என்றாள். "மெஷினுக்குள்ள ஒயர் உரிஞ்சிருக்கு. மாத்தற வரைக்கும் தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

அறைக்குள் போய்ப் பாட்டைப் போட்டேன். இரைச்சல் திரும்பி வந்திருந்தது. முன்பைவிட அதிகம். காதுக்குள் குளவி கூடு கட்டின மாதிரி. என்னால் பொறுக்க முடியவில்லை சார். நான் கெட்டவன் இல்லை, எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அவள் கடைக்குப் போன நேரத்தில் கம்பியைக் கழற்றினேன். பலகையைத் திறந்தாகிவிட்டது, கிளாக்கும் நிலைக்கு வர வேண்டும் என்று டிரிப் சுவிட்சுக்கு வெளியே ஒரு கம்பி போட்டு, அது இருந்தும் இல்லாத மாதிரி ஆக்கிவிட்டேன். எலக்ட்ரீஷியன் அந்தச் சுவிட்சைத் தொடவே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா வந்ததும், "மெஷினைத் தொடலாமாடா?" என்று கேட்டாள். தொடாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பாள், மறுபடி அவரைக் கூப்பிடுவாள். "அதான் ஆள் வந்து பாத்துட்டாருல்ல" என்றேன். பொய் இல்லையே, அவர் பார்த்தார்தானே.

அதற்குப் பிறகு மின்சாரம் போகவில்லை. அவள் துணிகளைக் கையாலேயே துவைத்தாள், எலக்ட்ரீஷியன் பேச்சு மனதில் இருந்திருக்கும். அந்தக் காலையில் பெரிய போர்வை. என் போர்வைதான். கையால் பிழிய முடியாது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளாக் நிலைக்கு வந்திருந்தது. நான் பல வருடமாகக் கேட்கிற பாட்டு, ஒவ்வொரு மூச்சும் எனக்கு மனப்பாடம். அதில் இரண்டாவது சரணத்தில், பின்னால் வெகு தூரத்தில், ஒரு பெண் குரல் கேட்டது. இதுவரை கேட்டதே இல்லை. இத்தனை நாளும் ஒளிந்து கிடந்த ஒன்றைக் கருவி வெளியே கொண்டுவந்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

உறுதி செய்துகொள்ள அந்த இடத்தைத் திரும்பப் போட்டேன். குரல் இல்லை. இன்னொரு தடவை போட்டேன். இல்லை.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் கேட்க நினைப்பது இதைத்தானே? ஆமாம், புரிந்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம், மெயினை அணைத்திருக்கலாம், பத்து அடிகூட இல்லை. கால் வரவில்லை. எழுந்தால் அது உண்மையாகிவிடும் என்று இருந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அது மிக நன்றாக இருந்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. முடிந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். அவள் என் போர்வையின் மேல் விழுந்து கிடந்தாள், ஒரு கை இன்னும் மெஷின் மேல்.

என் அக்காவைக் கொன்றது நான்தான் சார். எலக்ட்ரீஷியனும் இல்லை, மெஷினும் இல்லை. எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் வீண் ஆசைக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, அந்த மின்பலகைப் பக்கமே போகாமல், அறைக்குள் போய் ஒரு தடவை பாட்டைப் போட்டுக் கேட்டேன். சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் ஒரு துளி இரைச்சல் இல்லை. அப்படி ஒரு அமைதியை என் வாழ்நாளில் கேட்டதில்லை. நேற்று வரைக்கும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவள் போனதற்கு அது ஒன்றாவது மிஞ்சியது.

என்ன சார்?

யார், அன்றைக்கு உங்களோடு வந்த மின்துறை ஆளா? அன்றைக்கேவா? எர்த்தையும் மாட்டி, சுவிட்சையும் சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தாரா?

இல்லை சார், அவர் மறந்திருப்பார். சாயங்காலம் யாரையாவது அனுப்பிப் பலகையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாட்டியிருக்க மாட்டார். மாட்டியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.