வகுப்பே சொன்ன ஓம்

திருகோணமலையிலிருந்து கிண்ணியா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். ஏ.எல். பௌதிகச் சோதனைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

"விடையெல்லாம் பாடம் புள்ள. கேள்விதான் விளங்குதில்ல," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பகிடி விடாத சப்னா. மூணாந்தரம் எடுக்கிறாய். இதுவும் பிழைச்சுப் போனா கம்பஸ் போற கதை முடிஞ்சிது."

"அதான் உன்னட்டக் கேக்கிறன். சேர் படிப்பிச்ச இந்தக் கேள்வியையாவது சொல்லித் தா."

"கிளாஸில சேர் 'விளங்கிச்சா' எண்டு கேக்கக்குள்ள 'ஓம் சேர்' எண்டு கத்தினாய்தானே?"

"நீ கத்தினாய், நானும் கத்தினன். உனக்கு விளங்கியிருக்கும், பிறகு கேப்பம் எண்டு இருந்தனான்."

மற்றவள் மடியில் கிடந்த பழைய வினாத்தாளை மெல்ல மடித்தாள்.

"நான் உன்னப் பாத்துத்தான்டி கத்தினனான்."

சப்னா சிரிக்கவில்லை. "சேர்ட வீடு சீனக்குடாவிலதானே? இறங்கிப் போய் விளங்கேல்ல எண்டு சொல்லுவமா?"

"ஏசுவார்."

"ஏசட்டும். நீ முதல்ல சொல்லு."

"நான் ஏன்? ரெண்டு பேரும் ஒண்டாச் சொல்லுவம்."

கிண்ணியாவுக்கு டிக்கெட் எடுத்திருந்த இருவரும் சீனக்குடாவில் இறங்கினார்கள்.