பெரியவர் சரி என்று சொன்ன பெட்டி

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. கரும்பு போடுகிறவர் இப்படிச் சொல்கிறாரே என்று உங்கள் ஏட்டு சிரித்தார். எங்கள் கரும்பு என் அப்பா காலத்திலிருந்து எறையூர் ஆலைக்குப் போகிறது. இருந்தாலும் இனிப்பு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவ்வளவுதான்.

என்னை யாரும் கூட்டி வரவில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. உடையார்பாளையத்தில் பஸ் ஏறி நானாகவே அரியலூர் வந்தேன். என் மகன் பரணிதரன் எங்கள் கிணற்றில் இறந்ததை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். மேஜிக் பெட்டிக்குத் தவறான போல்ட்டை மாட்டிக்கொண்டது அவனுடைய கவனக்குறைவு என்பது உங்கள் முடிவு. அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். எல்லைக்கல் எங்கே இருந்தது என்று நாங்கள் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. என் அப்பா, சொந்தத் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. அப்பாவும் அதற்காக வருத்தப்படவில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

பரணிதரன் இன்ஜினீயரிங் படித்தான். வேலைக்குப் போவான் என்று நினைத்தோம். மேஜிக் செய்யப் போனான். கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் திருவிழா என்று சுற்றிக்கொண்டிருந்தான். ஊரில் யாராவது "உங்க பையன் என்ன பண்றாப்ல?" என்று கேட்டால், வெளியூரில் இருக்கிறான் என்று சொல்வேன். வெளியூரில்தான் இருந்தான். அதில் பொய் இல்லை.

ஒரே ஒரு முறை அவன் வித்தையைப் பார்த்தேன். பெரம்பலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அவன் வருவான் என்று தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். கூட்டத்தில் மலர்க்கொடி என்று ஒரு பெண், புருஷனை இழந்தவள், ஓடாத கைக்கடிகாரம் ஒன்றை அவனிடம் கொடுத்தாள். அவள் புருஷனுடையது. அவன் அதைக் கைக்குட்டையில் சுற்றினான், உதறினான், காணவில்லை. சமையல் கட்டுக்குப் போய் உனக்குப் பிடித்த பரங்கிக்காய் ஒன்றைத் தூக்கி வா அக்கா என்றான். அவளே எடுத்து வந்தாள். அரிந்தால் உள்ளே கடிகாரம். ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. பந்தியில் இலை போடுகிறவன்கூட நின்றுவிட்டான்.

என் கண்ணும் கலங்கியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

போன தை மாதம் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். காணும் பொங்கலன்று நம் ஊரிலேயே, நம் கிணற்றிலேயே ஒரு வித்தை செய்யப்போவதாகச் சொன்னான். மரப்பெட்டிக்குள் அவனை வைத்துப் பூட்டி, கிணறு வெட்டும் கிரேனில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். அவன் வெளியே வந்து படிக்கட்டில் ஏறி வருவான். இதை வெளியூர்களில் பல தடவை செய்திருக்கிறானாம்.

"செஞ்சுட்டுப் போ. என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றேன்.

"நீங்கதாம்பா வேணும்" என்றான். "ஒவ்வொரு ஊர்லயும் இத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஊரே நம்புற ஒருத்தர மேல கூப்பிடுவேன். அவரு பெட்டிய ஆட்டிப் பாத்துட்டு 'சரியா இருக்கு'ன்னு சொல்லணும். ஆச்சரியம் எங்க இருந்து வருதுன்னு நினைக்கிறீங்க? என் கையில இருந்து இல்லப்பா. அவரு மொகத்துல இருந்து. அன்னைக்கு அந்தக்கா வாட்ச்ச காதுல வச்சுக் கேட்டுச்சுல்ல, அதுதான் வித்தை. பரங்கிக்கா இல்ல."

"பெட்டி சரியாத்தான் இருக்குமா?"

அவன் சிரித்தான். பெட்டியைக் காட்டினான். ஒரு பக்கப் பலகையில் இரண்டு போல்ட்டுக்குத் தலை மட்டும்தான் உண்டு. உள்ளே இருந்து தள்ளினால் பலகை திறந்துகொள்ளும். வெளியே இருந்து எவ்வளவு ஆட்டினாலும் ஆடாது. யாரிடமும் இதைச் சொன்னதில்லையாம். கயிற்றைப் பிடிக்கப்போவது நான் என்பதால் எனக்குத் தெரிய வேண்டும் என்றான். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கயிறு மேலே வரும். ஏதாவது தப்பாகப் போனால் அவன் அதை இழுப்பான். உடனே கிரேனைத் தூக்கச் சொல்ல வேண்டும்.

"அப்ப என்னைப் பொய் சொல்லச் சொல்ற."

"பொய் சொல்ல வேணாம்பா. ஆட்டிப் பாருங்க. ஆடாது. ஆடலன்னு சொல்லுங்க, போதும்."

"அதுக்குப் பேரும் பொய்தான்."

என் மனைவி ரத்தினம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஊரு வூட்டு வரப்புக்கெல்லாம் போயி நிக்கிறீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு தடவ நின்னாத்தான் என்ன? கொறஞ்சா போயிடுவீங்க?"

அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான். "ஒரே ஒரு தடவப்பா. நீங்க எம்பக்கத்துல நின்னா போதும்" என்றான்.

சரி என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான் பிடித்தான் என்று நினைக்கிறேன்.

நான் ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு வழி ஒன்றுதான் இருந்தது, அம்மா. ஊர் நடுவில் நின்று சரி என்று சொல்கிறவன், அது சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காணும் பொங்கலன்று மதியம் அவனும் அவனோடு வந்தவர்களும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரத்தினம்மாள் அவனுக்குக் கருணைக்கிழங்கு வறுத்திருந்தாள். நான் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டேன். டிராக்டரின் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரையும் அதே அளவில் இரண்டு போல்ட்டையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வெறும் தலைகளைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டி முறுக்கினேன். நல்ல முறுக்கு. பிறகு கை கழுவிவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தேன்.

மாலையில் ஊர் முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றது. அவன் என்னைப் பெயர் சொல்லாமல் "எங்கப்பா" என்று சொல்லிக் கூப்பிட்டான். நான் பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். "சரியா இருக்கு" என்றேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர யாருக்கும் அந்த வார்த்தை எவ்வளவு உண்மை என்று தெரியாது. உள்ளே போவதற்கு முன்னால் அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவிடம் அப்படிச் செய்யக் கூடாது.

கிரேனை ஓட்டியது வைரக்கண்ணு. பெட்டி தண்ணீருக்குள் இறங்கியது. கயிறு என் கையில் இருந்தது.

சிக்கினால் கயிற்றை இழுப்பான், தூக்கிவிடலாம், இந்தப் பிழைப்பை விட்டுவிடுவான் என்று நினைத்திருந்தேன். நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. கயிறு இழுபட்டது. வைரக்கண்ணு என் முகத்தைப் பார்த்து, "தூக்கட்டுங்களா?" என்று கேட்டான். தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எப்போதும் திறக்கும் பலகை இன்று திறக்கவில்லை என்று ஊருக்கு முன்னால் சொல்வான். அது அப்பாவுக்கும் தெரியும் என்பான். எல்லாம் தெரிந்துதான் சரி என்றேன் என்று ஆகிவிடும்.

"பொறு" என்றேன்.

கயிறு மறுபடி இழுபட்டது. கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நாற்பது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவன் சொன்னது சரிதான். ஆச்சரியம் அவன் கையிலிருந்து வரவில்லை. நான் முகத்தை அசையாமல் வைத்திருந்தேன்.

பிறகு கயிறு சும்மா இருந்தது. அப்புறமும் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் தூக்கு என்றேன்.

நடந்தது இதுதான். இதை இப்போது சொல்ல வந்ததற்கும் காரணம் இருக்கிறது. போன வாரம் டீக்கடைக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே வைரக்கண்ணு பேசிக்கொண்டிருந்தான். "பெருசும் அந்த செட்டுதாண்டா. டம்மி போல்ட்டுன்னு தெரிஞ்சுகிட்டேதான் சரியா இருக்குன்னுச்சு. போல்ட்டு மாறிப் போனது அதுக்கே தெரியல. இனிமே எவன்டா அந்த வூட்டுக்கு வரப்புக் கேக்கப் போவான்?" சிரித்தார்கள். யாரோ, "அவரு வார்த்தையையே பரங்கிக்காக்குள்ள வச்சு எடுத்துட்டான்டா பையன்" என்றான்.

நான் உள்ளே போகவில்லை. அங்கே பேசுவது மரியாதை இல்லை. இங்கே வந்தேன். ஸ்பேனரைக் கொண்டுவந்திருக்கிறேன், இந்தப் பையில் இருக்கிறது. போல்ட்டு தவறி மாட்டப்பட்டது அல்ல. நான் மாட்டினேன். நான் சரி என்று சொன்னபோது பெட்டி சரியாகத்தான் பூட்டியிருந்தது. இதை நீங்கள் தெளிவாக எழுதினால் போதும். மற்றதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்.

ரத்தினம்மாளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். அவளுக்கு எதுவும் தெரியாது. காரியம் முடிந்த அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "புள்ள கயித்த இழுத்தானாங்க?" இழுக்கவே இல்லை என்று சொன்னேன். வீட்டில் பெண்களுக்கு ஆறுதலாகச் சொல்வதெல்லாம் வார்த்தைக் கணக்கில் வராது.

எங்கள் வீட்டில் இதுவரை பொய் சொன்னவன் பரணிதரன் ஒருவன்தான்.