அரைச் சுற்று

உட்கார நல்ல நாற்காலியாகக் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. எங்கள் பட்டறையில் முதுகு சாயும் நாற்காலியைப் பார்ப்பதே அபூர்வம். கேமராவுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன் காலம் பூராவும் குனிந்தே கிடக்கட்டும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. பட்டறையில் அதற்குப் பெயர் ஆப்பு. கேமராவின் முன்னால் இரண்டு ஆப்புகளை அடுத்தடுத்து வைத்து, சின்ன மோட்டார்களால் தனித்தனியே சுழல விடுவோம். தடித்த பக்கங்கள் ஒன்றுசேர்ந்தால் பார்வை அந்தப் பக்கம் நன்றாக வளையும். எதிரெதிராக நின்றால் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும், பார்வை நேராகப் போகும். இதில் அழகு என்னவென்றால், கேமரா அசைவதே இல்லை. அது எங்கே பார்க்கிறது என்று வெளியிலிருந்து ஒருவராலும் சொல்ல முடியாது. காலையில் கிளம்பும்போது, "இன்னைக்கு யாருக்கு ஆப்பு வைக்கப் போறேனோ" என்பேன். கல்யாணமான புதிதில் என் மனைவி அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். போகப்போகச் சிரிப்பு குறைந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அவளுடைய தம்பி கல்யாணத்தன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவை நல்லா பார்த்துக்குங்க அத்தான்" என்றான். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை. கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே, கேமராவும் இரண்டு ஆப்பும் வைத்த ஒரு பெட்டியை மாட்டினேன். வாசல் கதவைக் கண்காணிக்க, திருட்டு பயம் என்று அவளிடம் சொன்னேன். வாசல் கதவையும் அது பார்த்தது, அதனால் பொய் என்று சொல்ல முடியாது. மீதி நேரமெல்லாம் அவளைப் பார்த்தது. அவள் உருவத்தை மட்டும் பின்தொடர அதைப் பழக்கியிருந்தேன். ஜன்னலோரம் எவ்வளவு நேரம் நிற்கிறாள், போனில் எதற்குச் சிரிக்கிறாள், எல்லாம் பட்டறையில் இருந்தபடியே எனக்குத் தெரியும். சாயங்காலம் வந்து, "மத்தியானம் யார்கிட்ட அவ்வளவு நேரம் பேசிட்டிருந்தே?" என்பேன். அவள் முகம் வெளுத்துவிடும். கட்டினவனுக்கு இவ்வளவு அக்கறையா என்ற ஆச்சரியம்தான், வேறென்ன.

மச்சினனுக்கும் எங்கள் தொழிற்சாலையில்தான் வேலை. பெரிய கொட்டகையில் கிரேன் தூக்கும் இரும்புத் தகட்டுக் கட்டுகளுக்குக் கொக்கி மாட்டுவான். வாய் ஓயாதவன், ஆனால் காது படு கூர்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டில் கை வைத்தபடியே நிமிர்ந்தான்.

"ஏன் அத்தான், அக்கா நடக்கறப்பல்லாம் அந்தப் பெட்டி முனகுது?"

"மோட்டார் பழசு" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பெட்டி மூச்சு விடவில்லை. பிறகு அக்காவை நடக்கச் சொன்னான். முனகியது. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"துணிமணியை எடுத்து வை அக்கா. என் வீட்டு மாடி ரூம்ல இருக்கறவங்க சனிக்கிழமை காலி பண்றாங்க. அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

அவள் சரி என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைப்பானேன்.

கிரேனில் இருக்கும் கேமராவும் என் கைவேலைதான். கட்டு இறங்கப்போகிற இடத்தை அது சாய்வாகப் பார்க்கும். அங்கே ஆள் நின்றால் கிரேன் தானாகவே நின்றுவிடும். மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குக் கட்டின் அடியில் இருப்பது தெரியாது, பச்சை விளக்கை நம்பித்தான் இறக்குவார். வெள்ளிக்கிழமை அந்தக் கேமராவைத் துடைக்கக் கழற்றினேன். திரும்பப் பொருத்தும்போது ஒரு ஆப்பை மட்டும் அரைச் சுற்று திருப்பி வைத்தேன். வளைய வேண்டிய பார்வை நேரே போய், ஆளில்லாத வெறும் தரையில் விழுந்தது. சிமெண்டுத் தரை எங்கே பார்த்தாலும் சிமெண்டுத் தரைதான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். மச்சினன் வழக்கம்போலக் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினான். அது தன்னைப் பார்த்துவிட்டது என்ற தைரியத்தில், கீழே கிடந்த மரக்கட்டையைச் சரிசெய்யக் குனிந்தான். விளக்கு பச்சையாகவே எரிந்தது. கட்டு இறங்கியது. சத்தம்கூட அதிகமில்லை.

கிரேன்காரர்தான் பாவம், இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். தங்கமான மனிதர். அவர்மேல் தப்பில்லை என்று நீங்களாவது சொல்லிவிடுங்கள்.

அதன்பிறகு என் மனைவி எங்கும் போகவில்லை. போவதற்கு இடமும் இல்லை. நாங்கள் நிம்மதியாகத்தான் இருந்தோம். ஒருநாள் அவளே ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"இந்த ரெண்டு கண்ணாடியில ஒண்ணை மட்டும் மாத்தி வெச்சா என்னங்க ஆகும்?"

எத்தனை வருடம் கழித்து என் வேலையைப் பற்றிக் கேட்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கழற்றி, அரைச் சுற்று திருப்பி, திரையில் படம் இடம் மாறுவதையும் காட்டினேன்.

"தப்பான இடத்தைப் பார்க்கறோம்னு கேமராவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பார்க்கற இடம்தான் சரியான இடம்னு நினைச்சுக்கும்."

"அப்போ அன்னைக்கும் தம்பி கேமராவுக்குக் கை ஆட்டினான்னு சொன்னாங்களே?"

"அது அவனைப் பார்க்கவே இல்லையே" என்றேன். பேச்சு சுவாரசியத்தில் வந்துவிட்டது. நல்ல கேள்வி என்று பாராட்டக்கூடச் செய்தேன். மறுநாள் அவள் பெட்டியைத் துண்டில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள்.

ஆமாம், மச்சினனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவள்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. துக்கத்தில் இருப்பவள், தனியாக விடக்கூடாது. அவளை வேறு ஊரில் தங்க வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள், எங்கே என்று என்னிடம் சொல்லக்கூடாது என்கிறீர்கள். நியாயம்தான். விலாசமெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.